நாவல் படமாகும்போது: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு நாவலைப் படித்தவர்கள் நாலு பேர் சேர்ந்து அதன் படத்தைப் பார்த்தால், வெளியே வருவதற்குள்ளேயே விவாதம் தொடங்கிவிடும். 'அந்த இடமே இல்லையே!' 'முடிவை மாத்திட்டாங்களே!' 'புத்தகத்துல இவ இப்படிப் பேசவே மாட்டாளே!' அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்காகப் பல கதைகளின் முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்காத நாவலின் பெயர் வந்தால் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நாவலுக்கு உண்மையாக இருக்கும் படம் என்று எதை வைத்துச் சொல்வது?

நாவல் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது. அதே கேள்வியைப் படமும் கேட்கிறதா என்று பார்ப்பேன். சம்பவங்களை எண்ணிப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்தது. விக்டர் என்ற இளைஞன் பிண அறைகளில் பொறுக்கிய உறுப்புகளைச் சேர்த்து ஒரு உடலுக்கு உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததுமே அதன் கோரத்தைப் பார்த்து ஓடிப்போகிறான். கைவிடப்பட்ட அந்தப் பிறவி ஒரு குடிலின் ஓரத்தில் ஒளிந்திருந்து பேச்சைக் கற்றுக்கொள்கிறது, மில்டனைப் படிக்கிறது, யாராவது தன்னோடு பேச மாட்டார்களா என்று ஏங்குகிறது. போகிற இடமெல்லாம் அடித்து விரட்டப்பட்ட பிறகுதான் அதன் கை கொலைக்கு நீள்கிறது.

1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தில் உதவியாள் ஒருவன் மூளை திருடப் போகிறான். நல்ல மூளை இருந்த ஜாடி கைதவறி விழுந்து உடைகிறது. பக்கத்தில் இருந்த இன்னொரு ஜாடியை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அதில் இருப்பது ஒரு குற்றவாளியின் மூளை. அந்த ஒரு ஜாடியால் நாவலே வேறாகிவிட்டது. 'இவனைக் கொலைகாரனாக்கியது யார்?' என்று ஷெல்லி கேட்டார். படமோ 'மூளையே அப்படிப்பட்டது' என்று சொல்லி நம்மை எழுந்து போகவிடுகிறது. இத்தனைக்கும் அது அருமையான படம். கூரைத் திறப்பின் வழியே முதல் முறையாக வெளிச்சம் வரும்போது போரிஸ் கார்லாஃப் இரண்டு கைகளையும் தூக்கி அதைப் பிடிக்கப் பார்க்கும் இடத்தில், ஷெல்லியின் அனாதைப் பிள்ளை கண்ணுக்கு முன்னால் நிற்கிறான். அந்த அரை நிமிடம் நாவலுக்கு உண்மையானது. ஜாடி பொய்.

ஏன் இவ்வளவு வெட்டுகிறார்கள்?

இடம் இல்லை, அதனால்தான். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது சினிமாக்காரர்களின் கணக்கு. இரண்டரை மணி நேரப் படத்துக்கு நூற்றைம்பது பக்கம்தான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் பேச்சும் செயலும்.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த கதை. ஐந்து பாகம், 293 அத்தியாயம். மணிரத்னத்தின் இரண்டு படங்களும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். அத்தியாயத்துக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான் வருகிறது.

வெட்டாமல் எடுக்க முயன்றவர்களும் உண்டு. ஃபிராங்க் நாரிஸின் நாவலை எரிக் வான் ஸ்ட்ரோஹைம் அப்படியே எடுத்தார். 'க்ரீட்' என்ற அந்த மௌனப் படத்தின் முதல் வடிவம் எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. 1924இல் வெளியானபோது ஸ்டூடியோ அதை இரண்டேகால் மணி நேரம் அளவுக்குக் குறுக்கிவிட்டது. வெட்டிய சுருள்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

வெட்டுவது தவிர்க்க முடியாதது, சரி. எது போனால் வலிக்கிறது?

கிளைக்கதை போனால் பெரும்பாலும் வலிப்பதில்லை. தாங்கி நிற்கும் தூண் போனால் வலிக்கிறது. எது தூண் என்பது படிக்கும்போது தெரியாது, எடுத்த பிறகுதான் கூரை ஆடுவது தெரியும்.

'பொன்னியின் செல்வன்' படத்தில் மணிமேகலை இல்லை. வந்தியத்தேவன் மேல் அந்தப் பெண் வைத்த காதலும், அது அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் நாவலின் கடைசிப் பக்கங்களை ஈரமாக்கும் விஷயம். அவளை இழந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் படம் அவள் இல்லாமலும் நிற்கிறது.

சேந்தன் அமுதன் விஷயம் வேறு. நாவலில் அவன் பூத்தொடுத்து, தேவாரம் பாடி, ஊமைத் தாயோடு வாழ்கிற சிவபக்தன். அவன்தான் அரச குலத்தில் பிறந்த உண்மையான மதுராந்தகன் என்று கடைசியில் தெரிகிறது. முடிசூட்டு விழாவில் அருள்மொழி தன் தலைக்கு வந்த கிரீடத்தை எடுத்து அந்தப் பூக்காரன் தலையில் வைக்கிறான். கிரீடத்துக்கு ஒரு நாளும் ஆசைப்படாதவனுக்குக் கிரீடம் போகிறது. படத்தில் இந்த ஆள்மாறாட்டம் முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. கிரீடம் அதற்காகவே சதியில் சேர்ந்த மதுராந்தகனுக்குப் போகிறது. தியாகம் அப்படியே இருக்கிறது, வரலாற்றுக்கும் முரண் இல்லை, காட்சியும் பெரிதாக நிற்கிறது. கல்கி அந்தத் தியாகத்துக்குள் வைத்திருந்த நியாயம் மட்டும் காணாமல் போய்விட்டது. ஐந்து பாகம் முழுக்க அதிகார ஆசையைப் பார்த்துச் சலித்த வாசகனுக்கு அவர் கொடுத்த பரிசு அது. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் பிறந்தபோது குழந்தைகள் மாறிய கதையைத் திரையில் சொல்ல இன்னொரு முக்கால் மணி நேரம் வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது.

பாதி நாவலை மட்டும் எடுத்தால்?

1939இல் வில்லியம் வைலர் எடுத்த 'வதரிங் ஹைட்ஸ்', 34 அத்தியாயங்களில் 16ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. கேத்தி இறந்ததும் கதை முடிந்துவிடுகிறது. எமிலி பிராண்டேயின் நாவலில் அதற்குப் பிறகுதான் ஹீத்கிளிஃபின் பழி அடுத்த தலைமுறைக் குழந்தைகள் மேல் இறங்குகிறது. அதை விட்டுவிட்டால் கொடூரமான ஒரு மனிதன் வெறும் துயரக் காதலனாகிவிடுகிறான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாவலைக் கையில் எடுப்பவர்கள் பாதியில் திடுக்கிட்டு நிற்பார்கள்.

வெப் சீரிஸாக எடுத்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

நீளப் பிரச்சினை தீரும். அதிலும் வாராவாரம் தொடராக வந்த நாவல்களுக்கு எபிசோடு நல்ல பொருத்தம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு கொக்கியில் முடிக்கும் கலை அவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. ஜேன் ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' நாவலை 1995இல் பிபிசி ஆறு எபிசோடாக எடுத்தபோது, அவசரம் இல்லாததால் உரையாடல்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

ஆனால் அந்தத் தொடரில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது எது? டார்சி குளத்தில் குதித்து, ஈரச் சட்டையோடு வரும்போது எலிசபெத்தை எதிர்பாராமல் சந்திக்கும் இடம். 1813 நாவலில் குளமும் இல்லை, ஈரச் சட்டையும் இல்லை. இருவரும் திடீரென்று எதிரெதிரே வந்துவிடுகிறார்கள், இருவர் முகமும் சிவக்கிறது, அவ்வளவுதான். நாகரிகத்தின் உறைக்குள் இருந்த ஒருவன் அந்த உறை இல்லாமல் மாட்டிக்கொண்டான் என்பதுதான் ஆஸ்டன் சொன்னது. அதை உடம்பால் காட்டினார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

மனதுக்குள் ஓடுவதைத் திரையில் எப்படிக் கொண்டுவருவது? அதுதானே நாவலின் உயிர்?

வாய்ஸ் ஓவரில் நாவலின் வரிகளைப் படிப்பதுதான் எளிய வழி, பெரும்பாலும் தோற்கிற வழியும் அதுதான். படத்தில் ஒருவர் துக்கமாக உட்கார்ந்திருக்கும்போது 'அவன் துக்கமாக இருந்தான்' என்று குரல் சொன்னால் இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும்.

நல்ல இயக்குநர்கள் எண்ணத்தை ஒரு பொருளிலோ சத்தத்திலோ கொண்டுபோய் வைக்கிறார்கள். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) இதற்குப் பள்ளிக்கூடம் மாதிரி. சிறுமி துர்கா பக்கத்து வீட்டுப் பெண்ணின் மணிமாலையைத் திருடிவிட்டாள் என்று அந்த வீட்டார் குற்றம் சாட்டுகிறார்கள். அவள் மறுக்கிறாள், அடி வாங்குகிறாள். அவள் இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்யும்போது, மேலே இருந்த ஒரு சிரட்டைக்குள்ளிருந்து அந்த மாலை தம்பி அப்புவின் கைக்கு வருகிறது. அவன் யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போய்க் குளத்தில் வீசுகிறான். பாசி விலகி மாலையை வாங்கிக்கொள்கிறது. பிறகு அந்த ஓட்டை மெல்ல மூடிக்கொள்கிறது. அக்காவின் ரகசியம் இனி யாருக்கும் தெரியாது. ஒரு பையன் ஒரே நிமிடத்தில் பெரியவனானதை எழுத நாவலாசிரியருக்கு ஒரு பத்தி வேண்டும். இங்கே பாசி எழுதிவிட்டது.

அதே படத்தில் மகள் இறந்த செய்தியை அறியாமல் அப்பா ஊரிலிருந்து புடவையோடு வருகிறார். அம்மா அழத் தொடங்கும் கணத்தில் அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியத்தின் கதறல் எழுகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ படத்தில் எத்தனையோ அழுகையைக் கேட்டாயிற்று. காதை விட்டுப் போகாதது இந்தக் கேட்காத அழுகைதான்.

மாற்றிவிட்டு, 'நாவலின் ஆன்மாவைக் காப்பாற்றினோம்' என்று சொல்வது சாக்குதானே?

பல நேரம் சாக்குத்தான். உண்மையாகவே காப்பாற்றியதும் உண்டு.

'பதேர் பாஞ்சாலி'க்கு மூலமான விபூதிபூஷணின் நாவலில் துர்கா ரயிலைப் பார்ப்பதே இல்லை. அக்காவும் தம்பியும் தேடிப் போய் வழி தவறித் திரும்புகிறார்கள். சாகும் தறுவாயில், என்றாவது ரயில் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். ராய் இதை மாற்றினார். நாணல் பூத்த வெளியில் இருவரும் ரயிலை நோக்கி ஓடுகிறார்கள், கரும்புகை வெண்பூக்களின் மேல் போகிறது. நாவலின் ஏக்கத்தைப் படத்தில் இழந்தோம் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு உலகம் எவ்வளவு பெரியதாகத் தெரிந்தது என்பது அந்த ஓட்டத்தில் இருக்கிறது. நாவலின் மையமும் அதுதான்.

விஸ்கான்டியின் 'தி லெப்பர்ட்' (1963) இன்னும் துணிச்சலானது. லாம்பெடூசாவின் நாவலில் நடன விருந்துக்குப் பிறகு இரண்டு அத்தியாயம் இருக்கிறது: 1883இல் கதையின் நாயகனான பிரபு சாகிறார், 1910இல் வீட்டின் மிச்சமும் குப்பைக்குப் போகிறது. படம் 1862 நடனத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த நடனம் மட்டும் முக்கால் மணி நேரம். பிரபு அறை அறையாக நடக்கிறார், வியர்க்கிறார், ஒரு மரணப் படுக்கை ஓவியத்தின் முன் நிற்கிறார், விடியலில் தனியாகத் தெருவில் இறங்கிப் போகிறார். வெட்டிய இரண்டு அத்தியாயங்களின் சாவும் அந்த நடனத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

முடிவை மாற்றலாமா?

இந்தக் கேள்விக்கு எழுத்தாளர்களே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: அவர்களே மாற்றியிருக்கிறார்கள். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முதல் முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் பிரிந்தே போகிறார்கள். நண்பரான இன்னொரு நாவலாசிரியர் சொன்னதைக் கேட்டு, அச்சுக்குப் போகும் முன் டிக்கன்ஸ் இருவரையும் இடிந்த தோட்டத்தில் சந்திக்கவைத்தார். 1946 படத்தில் டேவிட் லீன், எஸ்டெல்லா வளர்ந்த பாழடைந்த மாளிகையின் திரைச்சீலைகளை பிப் கிழித்தெறிவதாக எடுத்தார். பல வருஷ இருட்டுக்குள் வெயில் பாய்கிறது. நாவலில் அது இல்லை. ஆனால் நாவல் முழுக்க அந்த அறையின் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு அந்தக் கிழிசல் சத்தம் நிம்மதி தரும்.

நம் பக்கத்தில் ஜெயகாந்தனைப் பாருங்கள். 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமானவள் என்கிறாள். ஊரே கொந்தளித்தது. பிறகு அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், அந்த அம்மா கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதினார். நாவலில் கங்கா ஒரு பத்திரிகையில் அந்தப் பழைய சிறுகதையையே படிக்கிறாள்! தன் கதைக்கு இப்படியொரு மறுபக்கம் எழுதிய எழுத்தாளருக்கு 1972இல் அந்த நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் பீம்சிங் அதைப் படமாக்கியபோது திரைக்கதையும் ஜெயகாந்தனே. லட்சுமிக்குத் தேசிய விருது வந்த படம் அது.

மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) வேறு வகை. உமாசந்திரனின் நாவலில் அண்ணன் காளியின் கையைப் புலி பறித்துவிடுகிறது, படத்தில் லாரி. முடிவும் மகேந்திரனுடையது. அண்ணன் தங்கையை அவள் விரும்பியவனிடம் ஒப்படைக்கிறான், ஆனால் இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான். எந்த ஆணவத்தால் ஒருவன் இவ்வளவு இழந்தானோ, அதை விட்டுவிடாமலே அன்பு செய்கிறான். நாவலின் காளி அதற்குத் தகுதியானவன்தான்.

கதாநாயகனையே மாற்றினால்?

இதுதான் மிகப் பெரிய மாற்றம், ஆனால் கண்ணில் சட்டென்று படாத மாற்றம். பூமணியின் 'வெக்கை' (1982) பதினைந்து வயசுப் பையன் சிதம்பரத்தின் கதை. கையை மட்டும் வெட்டத்தான் நினைத்தான், ஆள் செத்தே போனான் என்பதில் நாவல் தொடங்குகிறது. அப்புறம் எட்டு நாள், அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். வன்முறை முடிந்துபோன பிறகு வரும் அந்த அமைதிதான் நாவல்.

வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) அப்பனின் கதை. நடுவில் அவருடைய இளமை பிளாஷ்பேக்காக வருகிறது, குடிசைகள் எரிகின்றன, அவர் ஏன் இப்படி அடங்கி நடக்கிறார் என்பதற்குக் காரணம் கிடைக்கிறது. நாவலில் இந்தப் பிளாஷ்பேக் இல்லை. நிலமும் சாதியும் என்ன செய்யும் என்பதைப் படம் நாவலைவிட உரக்கச் சொல்கிறது, சொல்ல வேண்டியதுதான். போனது எது என்றால், ஒரு பையன் மரத்தடியில் அப்பனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு தான் செய்த கொலையை யோசித்துப் பார்க்கும் நேரம். படம் பிடித்தவர்கள் நாவலையும் அவசியம் படியுங்கள். இரண்டும் ஒரே குடும்பத்தின் இரண்டு பேர் சொல்லும் கதை.

நான் மனதில் வைத்திருந்த முகம் இது இல்லையே?

உங்கள் மனதில் இருந்த முகமும் முழுக்க உங்களுடையது இல்லை. 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு கோபுலு வரைந்தார். நம் தாத்தா பாட்டிகள் அந்தக் கொண்டையையும் நகையையும் வைத்துத்தான் கற்பனை செய்தார்கள். 1968 படத்துக்குப் பிறகு மோகனாம்பாள் என்றால் பத்மினிதான். நடிகர் நன்றாக நடித்தால் அரை மணி நேரத்தில் பழைய முகம் வழிவிட்டுவிடும்.

வேறு மொழி நாவலை நம் மொழியில் எடுத்தால் உண்மையாக இருக்க முடியுமா?

முடியும். விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ளே' நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். அதே பெயரில் 1950இல் படம் வந்தது. ரொட்டி திருடியவனை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவேர், தமிழில் ஜாவர் ஆனார். நடித்தவர் சீதாராமன். அன்றிலிருந்து கடைசிவரை அவர் ஜாவர் சீதாராமன். ஒரு பிரெஞ்சுப் பாத்திரத்தின் பெயரையே ஒரு தமிழ் நடிகர் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

எழுத்தாளர் தடுக்க முடியாதா?

இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு, அதுவரை அனுமதி வேண்டும். உரிமையை விற்றுவிட்ட பிறகும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் 'ஆப் கா பன்ட்டி' நாவலைப் படமாக்கியவர்கள் சிதைத்துவிட்டதாக டெல்லி உயர் நீதிமன்றம் போனார். எழுத்தாளருக்கு இந்தத் தனி உரிமை உண்டு என்று 1986இல் தீர்ப்பு வந்தது.

அனுமதியே வாங்காமல் எடுத்த கதையும் உண்டு. 'டிராகுலா'வைப் பெயர் மாற்றி 'நாஸ்ஃபெராட்டு' (1922) என்று ஜெர்மனியில் எடுத்தார்கள். பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்க உத்தரவு வாங்கினார். சில பிரதிகள் தப்பின. ரத்தக்காட்டேரி வெயில் பட்டால் சாகும் என்று இன்று குழந்தைக்கும் தெரியும். அது ஸ்டோக்கர் எழுதியதில்லை, அவருடைய டிராகுலா பகலில் தெருவில் நடக்கிறான். அந்தப் படம் சேர்த்தது அது.

முதலில் படிக்கவா, பார்க்கவா?

படித்துவிடுங்கள். திரையில் பார்த்த முகத்தை அப்புறம் அழிக்க முடியாது. ஏற்கெனவே படம் பார்த்துவிட்டீர்கள் என்றாலும் பாதகமில்லை, நாவலில் படம் தொடாத அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். 'பொன்னியின் செல்வ'னில் அதற்கு நல்ல இடம் முதல் அத்தியாயமே. படம் போர்க்களத்தில் திறக்கிறது. நாவலில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு குதிரை மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. கரையெங்கும் கூட்டாஞ்சோறு, பாட்டு, பெண்களின் சிரிப்பு. குதிரை மேல் இருப்பவன் ஏரிக்கு எத்தனை மதகு என்று எண்ணிக்கொண்டு போகிறான்.